யாரிடம் நிற்கிறது?

நேர மேலாண்மை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறார்கள்: நம் நேரம் நம் கையில் இருக்கிறது என்று. விடியற்காலையில் எழு, கஷ்டமான வேலையை முதலில் முடி, போனை ஓரமாக வை என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் திருப்பூரில் வரிக் கணக்கு பார்க்கிற ஒரு சின்ன ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புதான் வரும். எனக்கு வேலை வருவதும் போனில்தான், முடிவதும் போனில்தான். முடித்துக் கொடுக்கிற அந்தக் கடைசி ஓடிபி என் போனுக்கு வராது, பனியன் கம்பெனி முதலாளியின் போனுக்கு வரும். அந்த நேரம் பார்த்து அவர் ஈரோட்டில் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்.

நான் சி.ஏ. கிடையாது. பி.காம். படித்துவிட்டு, ஜிஎஸ்டிக்கு முன்பு இருந்த வாட் வரிக் காலத்தில் கணக்கு எழுத ஆரம்பித்து, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எல்லோரையும் போல மறுபடி பள்ளிக்கூடம் போன மாதிரி படித்து, இப்போது என்னோடு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஆபீஸ் நடத்துகிறேன். டாக்ஸ் ஆடிட்டுக்குக் கையெழுத்துப் போட வெளியே ஒரு சி.ஏ. இருக்கிறார். இருந்தாலும் ஊரில் எனக்குப் பெயர் 'ஆடிட்டர் மேடம்'தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

எங்கள் மாதம் எப்படி இருக்கும் என்றால், 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது அடுத்தவருக்குக் கொடுக்கும் பணத்தில் பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது போன மாதம் யாருக்கு என்ன விற்றோம் என்ற விவரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கிற சின்ன ஆட்களுக்கு அது 13. பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் 15. வரியைக் கட்டி மாதக் கணக்கை மூடுகிற 3பி-க்கு 20. காலாண்டுக்காரர்களின் 3பி தமிழ்நாட்டுக்கு 22. அவர்களே காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு வரி மட்டும் கட்ட 25. இது போக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதி அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டுவது. எண்ணிப் பார்த்தால் மூச்சு விட இடம் கிடைப்பது 26ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 5, 6 வரைதான். அந்தப் பத்து நாளில்தான் ஒரு பில்லும் வராது.

காலண்டர் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கும் ஜனவரிக்கும் நடுவில் எங்கள் ஆபீஸுக்குக் குறைந்தது பதினைந்து தினசரி காலண்டர் வந்துவிடும். நூல் கடை, டையிங், நகைக்கடை என்று ஆளாளுக்குக் கொடுப்பார்கள். தினமும் காலையில் கிழிப்பது மனதுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் இன்று மட்டும்தான் தெரியும். 11ஆம் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், நடுவில் ஞாயிறு எங்கே, அமாவாசை எங்கே என்று பார்க்க வேண்டுமானால் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி என் மேஜைக்கு எதிரே மாட்டினேன். தினசரியையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை 3 மணியிலிருந்து 4.30 வரை ராகு காலம். அந்த நேரத்தில் வரி கட்டச் சம்மதிக்காத முதலாளிகள் மூன்று பேராவது இருக்கிறார்கள். "நாலரைக்கு மேல பண்ணிக்கலாங்க மேடம்" என்பார்கள். வாதாடிப் பயனில்லை, அவர்களைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால் பத்தரைக்குள் கூப்பிட வேண்டும்.

இனி ஒரு ஃபைலை எடுத்துக்கொள்வோம். அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, உள்நாட்டு வியாபாரம் மட்டும். விற்பனை பில்கள் குறைவு, உள்ளே வரும் பில்கள் அதிகம். ஏனென்றால் இந்த ஊரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது கிடையாது. நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணியாக வந்ததும் டையிங்குக்குப் போகும், அங்கிருந்து துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங், பிரிண்டிங் இருந்தால் அதற்கு, அப்புறம்தான் கட்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் டெலிவரி சலான், ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஜாப் ஒர்க் பில், அதாவது கூலிக்கான பில். இந்த முதலாளிக்கு ஒரு மாதக் கணக்கை முடிக்க நாங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. ஆனால் அந்த ஃபைல் எங்கள் மேஜையில் பத்துப் பன்னிரண்டு நாள் கிடக்கும்.

அந்த நாட்களெல்லாம் எங்கே போகின்றன?

பில்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும். பாதி நிழல். ஒன்றில் கட்டை விரல் ஜிஎஸ்டி நம்பரின் கடைசி மூன்று எழுத்தை மறைத்துக்கொண்டிருக்கும். திரும்ப அனுப்பச் சொன்னால், அந்த பில் இப்போது சூப்பர்வைசர் பையில் இருக்கிறது, அவர் டையிங்குக்குப் போயிருக்கிறார் என்பார். சரி, அது வந்தது. பார்த்தால் சலான் வரிசையில் இரண்டு லாட் டையிங் போய் வந்திருக்கிறது, பில் இல்லை. கேட்டால் "ஏனுங்க, அவங்க இன்னும் பில்லு போடலீங்க" என்று பதில். டையிங் பட்டறையின் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டால் அவர் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார். இதற்குள் 14ஆம் தேதி 2பி வந்துவிடும். அதுதான் சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல். சப்ளையர் 11ஆம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1 போடாவிட்டால் அந்த பில் நம்முடைய இந்த மாத 2பி-யில் வராது. வராவிட்டால் அந்த வரியை இந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது, கையிலிருந்து பணமாகக் கட்ட வேண்டியதுதான். நூல் பில் என்றால் அது சின்னத் தொகையும் இல்லை. உடனே முதலாளி நூல் கடைக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவார். நூல் கடைக்காரர் தன்னுடைய ஆடிட்டரைக் கையைக் காட்டுவார். அந்த ஆடிட்டர் என்னைப் போல யாரோ ஒருவரின் பில்லுக்காகக் காத்திருப்பார்.

இந்த மூன்று மணி நேர வேலையை இரண்டரை மணி நேரமாகக் குறைப்பதற்குத்தான் ஊரில் உள்ள அத்தனை உத்திகளும். ஷார்ட்கட் கீ, எக்ஸலில் இறக்கி டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, இரண்டு திரை என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று, நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு நாளில் அரை மணி நேரம் குறைந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. தொலைவது காத்திருக்கிற நாட்களில். அங்கே யாரும் கையை வைப்பதில்லை.

அதனால் எங்கள் ஆபீஸில் 'இன்று செய்ய வேண்டியவை' என்ற பட்டியல் கிடையாது. ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் நாலே பத்தி: கட்சிக்காரர் (எங்களிடம் கணக்குக் கொடுக்கிறவர்), என்ன வேண்டும், யாரிடம் நிற்கிறது, எப்போது கேட்டோம். மூன்றாவது பத்திதான் உயிர். அதில் 'பெண்டிங்' என்று எழுதக் கூடாது, 'கம்பெனி' என்றும் எழுதக் கூடாது, ஆள் பெயர்தான் எழுத வேண்டும். டையிங் கணக்குப் பிள்ளை என்றால் அவர் பெயர், அவர் போன் நம்பர். வேலை எங்களிடமே நின்றால் எங்கள் மூவரில் ஒருத்தியின் பெயர். பெயர் எழுதாமல் எந்த ஃபைலும் அலமாரிக்குப் போகக் கூடாது.

நோட்டைத் தொடங்கியபோது என் ஆபீஸ் பெண் ஒருத்தி, "எதுக்குக்கா இது, எல்லாம் மனசுலயே இருக்குதே" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே மனதில் இருந்தது, அதுதான் பிரச்சினை. மதியம் சாப்பிடும்போது திடீரென்று எழுந்து போய் "அந்தக் காம்பேக்டிங் பில்லைக் கேட்கவே இல்லை" என்பாள். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு மெசேஜ் வரும். தாளுக்குப் போனதும் அந்தப் பத்து மணி மெசேஜ் நின்றது.

நோட்டால் வந்த முதல் லாபம், போன் பேசும் நேரத்தைப் பிடிக்க முடிந்தது. முன்பெல்லாம் ஒரு பில் இல்லை என்று தெரிந்த அந்த நிமிடமே கையிலிருப்பதை விட்டுவிட்டுக் கூப்பிடுவோம். எடுக்க மாட்டார். அரை மணி கழித்து அவர் திரும்பக் கூப்பிடும்போது நாம் வேறொரு கணக்கில் தலையை விட்டிருப்போம். இப்போது தேவையானதை நோட்டில் எழுதிவிட்டு அந்த ஃபைலை மூடிவிடுகிறோம். பதினோரு மணிக்கு ஒரு சுற்று, நாலரைக்கு ஒரு சுற்று. ஒருவரிடம் நாலு விஷயம் கேட்க வேண்டுமென்றால் ஒரே போனில் நாலையும் கேட்டுவிடலாம். நேரத்தை இஷ்டத்துக்கு வைக்கவில்லை. எட்டரைக்கு ஷிப்ட் ஏறும், ஆள் வந்தார்களா என்று பார்க்கவே முதலாளிக்குப் பத்து மணி ஆகிவிடும். பதினொன்றுக்கு டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் நிதானமாக இருப்பார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. வாரச் சம்பளம் போடுகிற நாள், பேங்க்குக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஜிஎஸ்டி என்ற வார்த்தையைச் சொன்னால் நம் ஃபீஸும் சேர்ந்து தள்ளிப்போகும்.

இரண்டாவது லாபம் நான் எதிர்பார்க்காதது. ஒருநாள் ஒரு முதலாளி நேரில் வந்தார். "என்னங்க மேடம், 18ஆம் தேதி ஆச்சு, இன்னும் நம்மளுது முடியலீங்களா?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டார். நான் போனில் இருந்தேன். அவராகவே நோட்டைத் திருப்பி வைத்துப் படித்தார். அவர் கம்பெனிக்கு நேராக நாலு வரி. மூன்றில் 'யாரிடம்' என்ற பத்தியில் அவர் பெயர், நாலாவதில் அவர் மச்சான் பெயர். கேட்ட தேதிகளும் பக்கத்திலேயே இருந்தன. ஒன்றும் பேசாமல் மச்சானுக்குப் போன் போட்டார். அதற்குப் பிறகு யார் வந்து தாமதம் என்று கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை, நோட்டை அவர் பக்கம் நகர்த்துகிறேன். இதனாலேயே கூகுள் ஷீட்டில் போடலாம் என்று பெண்கள் சொன்னபோதும் நோட்டை விடவில்லை. ஷீட்டும் இருக்கிறது, போன் நம்பர் தேட வசதி. மேஜையில் கிடப்பது நோட்டுதான்.

அடுத்தது மேஜையில் திறந்து கிடக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பில்கள் பாதி வந்தாலும் போதும், ஆரம்பித்துவிட வேண்டும். எல்லாக் கட்சிக்காரருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்து வைத்தால் மனதுக்குத் தெம்பு, போன் வந்தாலும் "உங்க வேலைதாங்க ஓடிட்டிருக்கு" என்று பொய் இல்லாமல் சொல்லலாம். ஆனால் கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் ஒரு சூத்திரத்தை நிரூபித்தார். ஒரு இடத்தில் சராசரியாகக் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடிகிற வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை அங்கே சராசரியாக எத்தனை நாள் கிடக்கிறது என்று வரும். அவ்வளவுதான். பேங்க் வரிசைக்கும் பொருந்தும், பட்டறைக்கும் பொருந்தும். மேஜையில் நாற்பது ஃபைல் திறந்திருந்து, நாளொன்றுக்கு ஐந்து முடிந்தால், ஒவ்வொரு ஃபைலும் சராசரியாக எட்டு நாள் கிடக்கும். அதே ஆட்கள் அதே வேகத்தில் வேலை பார்த்து, பதினைந்து ஃபைலை மட்டும் திறந்து வைத்திருந்தால் மூன்று நாள். யாரும் வேகமாகத் தட்டச்சு செய்யவில்லை, யாரும் ராத்திரி உட்காரவில்லை.

எட்டு நாள் கிடக்கிற ஃபைலில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஆறாவது நாள் அதை எடுக்கும்போது, எதை எதை ஏற்றினோம், அந்த 18,400 ரூபாய் வித்தியாசத்துக்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து டிக் அடிக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை நாலரை மணி நேரமாவது இப்படித்தான்.

அதனால் கொள்முதல் பக்கத்தை முழுசாக வந்தால்தான் எடுப்பது என்று வைத்தோம். விற்பனை பக்கத்துக்கு அந்த விதி கிடையாது. 11ஆம் தேதி காத்திருக்காது, தவிர விற்பனை பில்கள் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம். 2023 ஆகஸ்ட்டிலிருந்து 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கெல்லாம் இ-இன்வாய்ஸ் வந்துவிட்டதால் அவர்களுடையது போர்ட்டலில் தானாகவே வந்து நிற்கிறது, சரிபார்த்தால் போதும். கொள்முதலுக்கு மட்டும் ஆளுக்கொரு டிரே. டிரேயின் மேல் ஒரு சீட்டு. அதில் நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று எழுதியிருக்கும். எல்லாவற்றிலும் டிக் விழுந்தால்தான் டிரே அலமாரியிலிருந்து மேஜைக்கு இறங்கும். 17ஆம் தேதி ஆகியும் விழாவிட்டால் வேறு வழியில்லை, இருப்பதை வைத்துப் போட்டுவிட்டு மீதியை அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம். 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், வரி பாக்கி இருந்தால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. ஒரு டையிங் பில்லுக்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை.

நடுவில் குறுக்கீடு என்ற விஷயம் இருக்கிறதே, அதற்கு பொமடோரோ என்ற முறையைச் சொல்லாத ஆளே இல்லை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பில் ஏற்றுவதற்கு இது அருமையாகப் பொருந்துகிறது, கண்ணும் தோளும் பிழைக்கும். 2பி-யையும் டாலியையும் ஒத்துப் பார்க்கிற வேலைக்கு எனக்கு ஒத்துவரவில்லை. முதல் இருபது நிமிடம் எங்கே எது இடிக்கிறது என்று பிடிபடவே போய்விடும். பிடிபட்ட நேரத்தில் மணி அடிக்கும். எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் மறுபடி அ, ஆவிலிருந்து. தவிர, 25 நிமிடம் போன் எடுக்காமல் இருப்பது இத்தாலியில் படிக்கிற மாணவருக்கு முடிந்திருக்கலாம். 20ஆம் தேதி நான் எடுக்காவிட்டால் கட்சிக்காரர் நேரில் வந்து நிற்பார், அது 25 நிமிடத்தில் முடியாது.

நாங்கள் செய்வது, முறை வைத்துக்கொள்வது. ஒவ்வொரு நாளும் ஒருத்தி போன்காரி. மூன்று பேருக்கு வரும் போனையும் அவள்தான் எடுப்பாள், ஆபீஸுக்கு வருகிறவர்களையும் அவள்தான் உட்காரவைத்துப் பேசுவாள். அவளுக்கு அன்று பாதியில் விட்டாலும் கெட்டுப்போகாத வேலை மட்டும்: பேங்க் என்ட்ரி, வந்த போட்டோக்களுக்குப் பெயர் மாற்றுவது, சலான் அடுக்குவது. மற்ற இரண்டு பேரும் அன்று முழுக்க ஒத்துப் பார்க்கிற வேலையில். என் முறை வரும் நாளில் நானும் போன்காரிதான். முதலாளி அம்மாவே போன் எடுக்கிறார் என்று தெரிந்ததும் சிலர் அந்த நாளாகப் பார்த்து ஃபீஸ் குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், அது தனிக் கதை.

போட்டோக்களுக்குப் பெயர் என்றேன். அதில் ஒரு சின்ன ஒழுங்குதான், பெரிய வித்தை இல்லை. வருடம், மாதம், கட்சிக்காரர், பில் வகை என்ற வரிசையில் பெயர். வருடமும் மாதமும் எண்ணாக முதலில் வர வேண்டும். அப்படி வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்தும். 'புது பில்', 'கடைசி பில்', 'கடைசி பில் கரெக்ட்' என்று பெயர் வைப்பவர்கள் மேல் எனக்கு இரக்கம்தான். போட்டோ வந்த அன்றைக்கே பெயர் மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுபது போட்டோவைத் திறந்து மூடுவது மகா பாவம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் எப்போது காலாவதி ஆகின்றன என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஓடிபி செல்லாது, டோக்கன்தான் வேண்டும். 20ஆம் தேதி சாயந்தரம் அது காலாவதியாகியிருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஓடிபிக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். முந்தின நாள் நாலரை மணிச் சுற்றிலேயே "நாளைக்குக் காலைல பதினொண்ணே காலுக்கு உங்களுக்கு ஒரு நம்பர் வரும், போனைக் கையில வெச்சிருங்க" என்று நேரம் சொல்லிவிடுகிறோம். ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து, வரிசையாக. சிலர் கம்பெனியில் இருக்கும் மகள் நம்பரையே பதிவு செய்துகொண்டார்கள். அந்தப் பெண்கள் பதினைந்து விநாடியில் நம்பரை அனுப்பிவிடுகிறார்கள். அப்பாக்கள் இன்னும் கண்ணாடியைத் தேடுகிறார்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் சாதாரண மாதத்துக்குச் சரி. 2025 செப்டம்பர் சாதாரண மாதம் கிடையாது. வருமான வரி ரிட்டர்னுக்கு வழக்கமான ஜூலை 31ஐ அந்த வருடம் மே மாதக் கடைசியிலேயே செப்டம்பர் 15க்குத் தள்ளி வைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிற்றில் புளி கரைத்தது. 15 அட்வான்ஸ் டாக்ஸ் கடைசி நாள். 20 எப்போதும்போல 3பி. 30 டாக்ஸ் ஆடிட். இதெல்லாம் போதாதென்று 22ஆம் தேதியிலிருந்து ஜிஎஸ்டி விகிதமே மாறியது. உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம் என்றிருந்த ஆயத்த ஆடை, 2,500 ரூபாய் வரை 5 ஆனது, அதற்கு மேல் 18 ஆனது. தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிற நேரம். "21ஆம் தேதி போட்ட பில்லுக்குச் சரக்கு 23 போனா எந்த வரிங்க?" என்று ஒரே கேள்வி நூறு போனில்.

ஜூலையில் நான் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, தள்ளி வைத்ததை மறந்துவிடுங்கள், ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருமான வரியை முடித்துவிடலாம் என்றேன். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர், "அதுதான் டைம் இருக்குதுங்களே" என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் செப்டம்பர் 13, 14, 15இல் வந்தார்கள். 15ஆம் தேதி போர்ட்டல் படுத்துக்கொண்டது. அன்று ராத்திரி ஒரு நாள் மட்டும் நீட்டி 16 என்று அறிவித்தார்கள். டாக்ஸ் ஆடிட்டும் 30இலிருந்து அக்டோபர் 31 ஆகி, பிறகு நவம்பர் 10 ஆனது. நீட்டிப்பு கேட்டுச் சங்கங்கள் மனுக் கொடுப்பதும் கோர்ட்டுக்குப் போவதும் வருடா வருடம் நடப்பதுதான், காரணமும் பல நேரம் நியாயமானது; படிவங்களே தாமதமாகத்தான் வெளியாகின்றன. ஆனால் தேதி நீளும் என்ற நம்பிக்கை, ஒழுங்காக முன்கூட்டியே பில் கொடுக்கிறவரைத்தான் முட்டாளாக்குகிறது. அடுத்த வருடம் அவரும் கடைசி வாரத்தில்தான் வருவார். நான் எந்த நீட்டிப்பையும் நோட்டில் ஏற்றுவதில்லை. பழைய தேதிதான் எங்கள் தேதி. பெண்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்த செப்டம்பருக்குப் பிறகு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். 'யாரிடம்' என்ற பத்தியில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை எண்ணினால் மொத்தக் கட்சிக்காரர்களில் கால்வாசிப் பேர்தான். எங்கள் போனில் பெரும்பகுதி அவர்களுக்காகவே போகிறது. ஆனால் எல்லோரிடமும் வாங்குவது ஒரே ஃபீஸ். ஒழுங்காகக் கொடுக்கிறவர், கொடுக்காதவரின் போன் செலவைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

ஏப்ரலில் ஃபீஸை மாற்றினேன். கொள்முதல் பில் எல்லாம் 5ஆம் தேதிக்குள் வந்தால் பழைய தொகை. 12ஐத் தாண்டினால் அந்த மாதத்துக்கு ஐநூறு ரூபாய் கூடுதல். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு ஆடிட்டரிடம் போனார். சிலர் ஆச்சரியப்படும் அளவுக்கு மாறினார்கள். மச்சானை வைத்திருந்த முதலாளி இப்போது 4ஆம் தேதியே பையோடு ஆள் அனுப்புகிறார். காதர்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் மட்டும் நேரில் வந்து, "மேடம், அந்த ஐநூறை வருஷத்துக்கும் சேர்த்து இப்பவே வாங்கிக்குங்க. அஞ்சாம் தேதிக்குள்ள பில்லு தேடறதுக்குன்னு ஒரு ஆள் போட்டா எனக்கு அதைவிட ஜாஸ்தி ஆகுமுங்க" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆறாயிரம் ரூபாய்க்கு ரசீது எழுதிக் கொடுத்தேன். நோட்டில் அவருக்கு நேராக '16க்கு மேல்தான் வரும், கேட்க வேண்டாம்' என்று எழுதி, 17ஆம் தேதி மத்தியானத்தை அவருக்காக ஒதுக்கிவிட்டோம்.